அப்பாவின் வாழைமரமும் என் ஆராய்ச்சியும்

கவனக்குறைவால் செய்த தவறுகளைவிட, பயபக்தியோடு செய்த தவறுகளே என் வாழ்க்கையில் அதிகம்.

திருச்சியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். போரான் நைட்ரைடு என்ற படிகத்தை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கீற்றுகளாக ஒரு சிலிக்கான் சிப்பின் மேல் செதுக்குவோம். அகச்சிவப்பு ஒளி அந்தக் கீற்றுக்குள் மாட்டிக்கொண்டு அதிரும். குளியலறையில் பாடினால் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்குமே, அதுபோல. மேலே ஒரு பொருள் துளியூண்டு படிந்திருந்தாலும் திரையில் ஓடும் கோட்டில் பெரிய பள்ளமாகத் தெரியும். பழங்களில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தை இப்படிக் கண்டுபிடிப்பது என் வேலை. மாதக் கடைசிக்குள் ஏதாவது காட்டாவிட்டால் என் பதிவே காலாவதியாகிவிடும்.

சரஸ்வதி பூஜையன்று, சிப்பை உள்ளே வைத்து அளக்கும் கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். லேபில் நெருப்புக்கு அனுமதியில்லை. ஆகவே இரண்டு கற்பூரக் கட்டிகளை ஏற்றாமலே மூடிக்குள் ஓரமாக வைத்தேன் (சரஸ்வதி நிலைமையைப் புரிந்துகொள்வாள் என்று). அப்புறம் அதை மறந்தும் போனேன். ஜலதோஷம் வேறு, வாசனையும் தெரியவில்லை.

மறுநாள் காந்தி மார்க்கெட் வாழைப்பழத்தைச் சோதித்தேன். கிணறு தோண்டியதுபோல் பள்ளம். தில்லை நகரில் ‘மருந்தடிக்காதது’ என்று எழுதி விற்ற பழத்திலும் அதே பள்ளம். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் கொல்லையில் அப்பா வளர்த்த ரஸ்தாளித் தாரிலிருந்து ஒரு காயைக் கொண்டுபோனேன். அதிலும்.

அன்று மாலை அப்பாவை விசாரித்தேன்.

“சாணியைத் தவிர நான் எதுவும் போட்டதில்லம்மா.”

“மெஷின் பொய் சொல்லாதுப்பா.”

(இந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.) மறுநாள் காலையில் பார்த்தால், அப்பா மரத்தைத் தாரோடு வெட்டிச் சாய்த்திருந்தார். அந்தத் தாரைப் பெருமாளுக்கென்று நேர்ந்துகொண்டிருந்தாராம். விஷத்தை எப்படிக் கொடுப்பது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

வெளியூர் போயிருந்த என் பேராசிரியை அன்றுதான் திரும்பினார். கருவியின் மூடியைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கினார். எதுவும் தடவாத வெறும் சிப்பைப் பார்த்தீங்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. இருவரும் பார்த்தோம். அதே பள்ளம். பாதி கரைந்த கற்பூரம் காற்றில் கலந்து எல்லாச் சிப்பிலும் படிந்திருந்தது.

“படிகம் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா” என்றார். யார் செய்யவில்லை என்று சொல்லவில்லை.

கெடு நீட்டித்துக் கொடுத்தார்கள், பட்டமும் வாங்கிவிட்டேன். வெறும் சிப்பை முதலில் பார்க்காத கதையைச் சொல்லி அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டபோது பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். ஆனால் இன்றுவரை, காபி கசக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் போதும், அவர் நிதானமாக எழுந்து சமையலறைக்குப் போய், ஒரு காலி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார்.

“முதல்ல இதைக் குடிச்சுப் பாரும்மா.”