பக்கத்து அட்டையில் விழுந்த குண்டு

உயரமானவர்களுக்கென்று இந்த உலகத்தில் ஒரு கட்டில்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. துப்பாக்கியா செய்துவிடப் போகிறார்கள்? நான் ஆறடி நான்கு அங்குலம். (எஸ்டேட் லயத்து வீடுகளின் தாழ்ந்த நிலைப்படிகளில் நெற்றியை இடித்து இடித்தே வளர்ந்தவன்.)

தாப்பா என்ற ஊரில் ஆசிரியையாக இருந்த வாசுகியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். அவள் அப்பா நடராஜா ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாண வம்சம். தோட்டத்துப் பையனுக்குப் பெண் கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. ஈப்போவில் அவர் போகிற துப்பாக்கி சுடும் கிளப்பில் நானும் சேர்ந்து, கண்ணில் படும்படி பழகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வாரும். மனுசன்ர பொறுமையை அங்கதான் பாக்கலாம்."

வந்தது வினை. கிளப் துப்பாக்கியில் தோளோடு பொருந்துகிற மரக்கட்டை எனக்குக் கட்டை. குறி பார்க்கிற ஸ்கோப்பில் கண் வைக்க இறால் மாதிரிச் சுருள வேண்டும். சுட்டால் என் கட்டைவிரலே என் மூக்கில் குத்தும்.

சனிக்கிழமை நண்பன் சேகரை அழைத்துப் போனேன். ஈப்போவை ஒட்டிய லகாட்டில் மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். துப்பாக்கியைக் கிளப் வாசலுக்கு வெளியே கொண்டு போக முடியாது என்பதால், அனுமதி வாங்கி, ஸ்பானர் பெட்டியையே உள்ளே கொண்டுவந்தோம். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மச்சான், ஒனக்குத் துப்பாக்கி பத்தாது. பீரங்கிதான் வேணும்லா."

ரப்பர் பாயை வெட்டி, அடுக்கி, கட்டையின் முனையில் நீளமான திருகாணி போட்டு முடுக்கினான். தோளுக்கு அளவு சரி. ஆனால் இப்போது என் கண் பின்னால் போய்விட்டதால் ஸ்கோப்பில் ஒரே இருட்டு. ஸ்கோப்பைத் தளர்த்தி என் பக்கமாக இழுத்தான்.

"தெரியுதா?"

"முழு நெலா மாதிரி தெரியுது!"

"அப்ப படுத்தும் ஒரு தடவ பாத்துரு மச்சான். நாளைக்குப் படுத்துத்தானே சுடணும்?"

அன்றைக்கு நான் புது வெள்ளைச் சட்டை. (சாயங்காலம் வாசுகியைப் பார்க்கப் போக வேண்டும்.) தரையிலோ எண்ணெய்ப் பிசுக்கு.

"நின்னா தெரியறது படுத்தா தெரியாதா?" என்றேன். என்ன ஒரு விஞ்ஞானி!

மறுநாள் எனக்கு அடுத்த இடம் நடராஜாவுக்கு. பின்னால் வாசுகியும் அவள் அம்மாவும் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். படுத்தேன். படுத்தால் மனிதனுக்குக் கழுத்து தானாகவே முன்னால் நீளும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கழுத்தோ ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தம். கண் ஸ்கோப்பின் கண்ணாடியை முட்டுகிற தூரத்தில் இருந்தது. கிட்டே இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விசையை இழுத்தேன்.

துப்பாக்கி பின்னால் உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வட்டமாக முத்திரை குத்தியது. ரத்தம்! "ஐயோ!" என்று வாசுகி கத்த, போட்டியையே நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பிளாஸ்திரி ஒட்டிய கையோடு இலக்கு அட்டைகளைப் போய்ப் பார்த்தார்கள்.

என் அட்டை, வாங்கி வந்தபடியே இருந்தது. நடராஜாவின் அட்டையில் நட்டநடுவில் ஓர் ஓட்டை.

"பாத்தீரோ! இது என்ர வெடி," என்றார் அவர்.

"அங்கிள், நீங்க இன்னும் சுடவே இல்லையே," என்றார் போட்டி அதிகாரி.

ஸ்கோப்பை நகர்த்தினால் குறியும் நகரும், மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு மேதைகளுக்கும் தோன்றவே இல்லை. நடராஜா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உண்மையச் சொல்லும். நீர் எதைக் குறி பாத்தனீர்?"

"என் அட்டையத்தான், மாமா."

'மாமா' வாய்தவறி வந்துவிட்டது. முதலில் சிரித்தது வாசுகியின் அம்மா. நடராஜா அந்த ஓட்டையை இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி. தவறினாலும் எங்கட பக்கமாத்தான் தவறியிருக்கு," என்றார்.

அடுத்த வாரமே நடந்த நிச்சயதார்த்தத்தின் படங்களில் என் ஒரு கண் கத்திரிக்காய் நிறம். இன்றைக்கும் நான் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டால், "அப்பா, பக்கத்து அட்டையா?" என்கிறாள் மகள். மாமனார் மட்டும் கேலி செய்வதில்லை. அந்த அட்டையைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் தான் சுட்டது என்கிறார்.

நான் புருவத்தைத் தடவிக்கொண்டே, "ஆமா, மாமா சுட்டதுதான்," என்கிறேன்.