முக்கால் மணி நேரம் காலமானவன்

நான் ஒருமுறை இறந்துபோயிருக்கிறேன். அதிக நேரமில்லை, முக்கால் மணி நேரம்தான். செத்துப் பிழைத்தேன் என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. என்னிடம் எட்டுக்கு ஆறு அடியில் அத்தாட்சியே இருக்கிறது.

கம்பைநல்லூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் எங்கள் வீடு. (எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம்.) பகலில் தக்காளியும் மரவள்ளியும், சாயங்காலம் வாரப் பத்திரிகைகளுக்குப் பேய்க் கதையும் என் பிழைப்பு. இருபது வருடம் ஊரைப் பயமுறுத்திய பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது. தொடர்ந்து மூன்று கதைகள் திரும்பி வந்தன. “இதுவும் சரியில்லன்னா கொஞ்ச நாள் ஓய்வெடுங்க” என்றார் ஆசிரியர். (பத்திரிகை பாஷையில் ‘ஓய்வு’ என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.)

வேறு வழியில்லாமல் செயற்கை நுண்ணறிவைத் துணைக்குக் கூப்பிட்டேன். என் போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரியும் என்பதால், மனைவி கஸ்தூரியின் பெரிய போனை வாங்கி வைத்துக்கொண்டு அதனோடு பேச ஆரம்பித்தேன். ஒரு மார்கழி மாத மாலையில் இப்படிக் கேட்டேன்: “தான் செத்தது தெரியாமல் ஒருவன் திரிகிறான். அவனுக்கு அது எப்படித் தெரியவரும்?”

பதில் வந்தது: “தினமும் குரைக்கும் நாய் அன்று குரைக்காது. அவன் கேட்பதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்ப்பார்கள். கடைசியில், மிக நெருங்கியவரே அவனைக் காணாததுபோல் கடந்து போவார். அப்போது அவனுக்குத் தெரிந்துவிடும்.”

இருபது வருடத்தில் நான் எழுதாத நாலு வரி. அடுத்து அது, “அவர் பெயர், வயது, ஊர்?” என்று கேட்டது. யோசிக்கச் சோம்பல்பட்டு என்னுடையதையே கொடுத்தேன். (அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்.) கதையின் உச்சத்துக்குத் தேவையான ஒரு சிறு அறிவிப்பையும் எழுதி வாங்கி, தாளில் பார்த்தால்தான் எனக்குப் பேனா ஓடும் என்பதால், அச்சுக்கடை மாதையனுக்கு அதே போனிலிருந்து அனுப்பினேன். “பிரிண்ட் போடவும். அவசரம்.”

இதற்கிடையில் கஸ்தூரியின் அக்கா இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் துண்டித்தேன். கஸ்தூரி வந்து நின்றாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். திட்டவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். (முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் வராத அறிவு.)

மறுநாள் விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கம்பைநல்லூருக்குக் கிளம்பினேன். பத்தடிக்கு மேல் தெரியாத பனி. பக்கத்துக் காட்டு நாய் ஒன்று உண்டு. என்னைக் கண்டால் முருங்கை மரம் வரை துரத்திக் குரைத்துவிட்டுத்தான் திரும்பும். அன்றைக்கு அது வரப்பில் உட்கார்ந்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எழுந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் பனிக்குள் போய்விட்டது.

நல்ல நாய், இன்றைக்காவது திருந்தியதே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மாதையன் கடை பூட்டியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் நுழைந்து, “ஒரு டீ, சர்க்கரை கம்மி” என்றேன். டீ மாஸ்டர் பெரியசாமி வாய் திறக்கவில்லை. அவர் ஆற்றிய டீ கிளாஸுக்கு வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேரைப் பார்த்து, “என்னங்க, பனி ஜாஸ்தியா இருக்கே?” என்றேன். பதில் இல்லை. இருவரும் மெதுவாக என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்ப என்னைப் பார்த்தார்கள். திரும்பவும் பின்னால் பார்த்தார்கள்.



திரும்பினேன். சாலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஒரு லாரி போனது. அது கிழித்த பனியில் நான் நின்றுகொண்டிருந்தேன், எட்டடி உயரத்தில், கும்பிட்டபடி. ‘கண்ணீர் அஞ்சலி’. என் பெயர், என் வயது, ‘இயற்கை எய்தினார்’. முகம் என்னுடையது. கண்கள் மட்டும் என்னுடையவை அல்ல. யாரோ ஒருவர் என் முகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

அந்த வரிகள் நேற்று நானே எழுதி வாங்கியவை என்பது ஒரு சாதாரண மனிதனுக்கு உடனே உறைத்திருக்கும். எனக்கு வேறு மாதிரி உறைத்தது. நேற்று அது எனக்குச் சொன்னது கதை இல்லை, தகவல்.

மொபெட்டை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. (செத்தவனுக்கு மொபெட் எதற்கு என்றும் ஒரு கேள்வி வழியெல்லாம் ஓடியது.) மிச்சம் இருந்தது ஒரே ஒரு அடையாளம். கஸ்தூரி என்னைப் பார்த்துப் பேசிவிட்டால் நான் உயிரோடு இருக்கிறேன். இல்லையென்றால் இல்லை.

வாசல் தெளிக்கக் குடத்தோடு வந்தாள். “கஸ்தூரி” என்றேன். நிமிரவில்லை. எதிரில் போய் நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய், நான் நின்ற இடத்திலேயே தண்ணீரைத் தெளித்தாள். கால் நனைந்தது. ஆனால் அதை எல்லாம் கவனிக்கிற நிலையிலா இருந்தேன்?

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்காது என்று தெரிந்தும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. “சர்க்கரைய வச்சுக்கிட்டு அரூர் போறப்பல்லாம் ஜிலேபி தின்னேன் கஸ்தூரி. ‘ஒலிபெருக்கி அம்மாள்’னு ஒரு கதைல வந்தது உங்கக்காதான். உன் கோழிக் குழம்பு நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப சொன்னா உனக்குக் கேக்கவும் கேக்காது.” சொல்லச் சொல்லக் கண்ணீர் கொட்டியது.

குடம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“முடிஞ்சுதா,” என்றாள். “எங்கக்கா போன கட் பண்ணதுக்கு ரெண்டு நாளைக்கு பேசக்கூடாதுன்னு இருந்தேன். ஜிலேபி எத்தன நாளா நடக்குது?”

உலகத்தில் எந்தக் கணவனும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு இவ்வளவு சந்தோஷமாக அழுதிருக்க மாட்டான்.

பதில் சொல்வதற்குள் மாதையன் வந்து சேர்ந்தான், தோளில் பெரிய ரோஜா மாலையோடு. என்னைப் பார்த்ததும் மாலையை அப்படியே மொபெட் மீது போட்டுவிட்டு, வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

“அண்ணி நம்பர்ல இருந்து வந்துச்சுங்கண்ணா. அவசரம்னு வேற போட்டிருந்துது.”

“ஒரு போன் போட்டுக் கேக்கறதுக்கு என்னடா?”

“துக்க வூட்டுக்கு போன் போட்டு, செத்தது நெசமான்னு கேக்க முடியுங்களாண்ணா? ராவோட ராவா அடிச்சு நானே கட்டிட்டு வந்தேன். உங்களுக்கு நான் செய்யாம யாரு செய்யறது.”

“அந்தக் கண்ணு?”

“உங்கக்கா பொண்ணு மஞ்சத்தண்ணி சீர்ல எடுத்த போட்டோதான் எங்கிட்ட இருந்துச்சு. அதுல கூலிங்கிளாஸ் போட்டிருந்தீங்க. கண்ணாடிய எடுத்துட்டு கண்ண வைன்னு ஏஐ கிட்ட சொன்னேன். அதுவா ஒரு கண்ண வச்சுது.”

கஸ்தூரி அன்றைக்குத்தான் முதல்முறையாக என் கதை ஒன்றைக் கேட்டுச் சிரித்தாள். பத்து மணி வரை மாலையும் கையுமாக வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டதும் அவள்தான். நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். கதை பத்திரிகையில் வந்துவிட்டது. ‘பயமாக இருக்கிறது, ஆனால் ஒரு மனிதன் இவ்வளவு முட்டாளாக இருப்பானா?’ என்று மட்டும் ஆசிரியர் கேட்டிருந்தார்.

நல்ல கெட்டியான ஃபிளெக்ஸ். வீணாக்கக் கூடாதென்று விறகு மூடக் கொண்டுவந்துவிட்டோம். வானம் இருட்டினால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு குரல் கேட்கும்: “ஏங்க, மழ வர்ற மாதிரி இருக்கு. போயி உங்கள எடுத்து வெறகு மேல போடுங்க.” மகள் ஊரிலிருந்து போன் செய்தால், “அமரர் இருக்காரா?” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

நானும் சிரிக்கிறேன். டீக்கடை, தோளுக்குப் பின்னால் பார்த்தது, கஸ்தூரியின் மௌனம் என்று எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அந்த நாய்க்கு மட்டும்தான் கிடைக்கவில்லை. அதற்குப் படிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து அது என்னைப் பார்த்துக் குரைப்பதே இல்லை. தினமும் எங்கள் வாசல் வரை வந்து, விறகுப் பக்கம் கிடக்கும் அந்த முகத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் போகிறது.