கரண்டுத் தீர்த்தம்

"ஏங்க! யாரோ நம்ம கரண்ட்ல சோப்பு போட்டுக் குளிச்சிகினு இருக்காங்க!"

கொல்லைப்புறத்திலிருந்து பிரபாவதி கத்தினாள். வேறு வீடாக இருந்தால் புருஷன்காரன் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருப்பான். அரசு கேட்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த டர்பைனை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினான்.

அரசுவுக்கு அரக்கோணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு திருத்தணியில், மலைச் சரிவில். வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடி உயரத்தில், பாறை மேல் ஒரு பெரிய தொட்டி. கீழே வீட்டை ஒட்டி இன்னொன்று. பகலில் மாடியிலிருக்கும் சோலார் தகடுகள் கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும். பொழுது சாய்ந்ததும் அதே தண்ணீர் குழாய் வழியே இறங்கி, டர்பைனைச் சுழற்றி, வீட்டு விளக்குகளை எரிய வைக்கும். தண்ணீர் தீர்ந்துவிட்டால் கொட்டகையிலிருக்கும் காஸ் இன்ஜின் தானாகவே கிளம்பிவிடும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றிலிருந்து வரும் காஸ் அது. ரப்பர் பை ஒன்றில் நிரம்பி யானைக்குட்டி மாதிரி படுத்திருக்கும்.

"வெயிலுக்குப் பகல் ஷிப்ட். தண்ணிக்கு செகண்ட் ஷிப்ட். காஸுக்கு நைட் ஷிப்ட். ஒருத்தன் லீவு போட்டாலும் இன்னொருத்தன் நிப்பான்" என்று அரசு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரில் அவனுக்குத் 'தொட்டி அரசு' என்று பேர் வந்துவிட்டது. அதையும் அவன் பட்டம் மாதிரிதான் வாங்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குப் பரீட்சை. மலைக்கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிற அறக்கட்டளை ஒன்றிலிருந்து தமயந்தி என்ற இன்ஜினியர் அம்மாள் நேரில் பார்க்க வருகிறார். தேறினால் பன்னிரண்டு கிராமங்களில் அரசு சொன்னபடி தொட்டி கட்டுவார்கள். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரபாவதி போன வாரமே சொல்லிவிட்டாள்.

"ஆறு வருஷம் பொறுத்துட்டேன். தேறலைன்னா தொட்டிய இடிச்சிட்டு அங்க ரெண்டு எருமை கட்டுவேன். அதுங்களாவது பால் குடுக்கும்."

தமயந்தி அம்மாளுக்குத் திருத்தணி முருகனிடமும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்ததாம். ஒரே நடையாக இரண்டையும் முடித்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்தார். அரசு காலண்டரைப் பார்க்காமலே சரி என்றான். அது ஆடிக் கிருத்திகை என்று அப்புறம்தான் தெரிந்தது.

மேல்தொட்டிக்குப் போய்ப் பார்த்தால் மஞ்சள் வேட்டியில் முப்பது பேர். நகரிப் பக்கத்துக் காவடிக் கூட்டம். பாதிப் பேர் உள்ளேயே இறங்கியிருந்தார்கள்.

"ஐயா, இது குளிக்கிற தண்ணி இல்லீங்க" என்றான் அரசு.

"பின்ன இன்னா தண்ணி?" என்றார் கூட்டத்தை நடத்தி வந்த குருசாமி.

"கரண்ட்டுங்க."

குருசாமி தொட்டியைப் பார்த்தார். அரசுவைப் பார்த்தார். கொஞ்சம் கிட்டே வந்து மோந்தும் பார்த்தார்.

"காலங்காத்தாலயேவா?" என்றார்.

பூக்காவடி சுமந்து வந்தவனிடம் தண்ணீர் கிடையாது என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. அரசுவுக்கும் வரவில்லை. அவர்கள் குளித்து, "அரோகரா" சொல்லி, ஈரத்தோடு படியேறிப் போனபோது தொட்டி பாதிதான் இருந்தது.

"ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு போர்டு வெச்சா போச்சு" என்றான் அரசு.

பலகையில் சிவப்புப் பெயிண்டால் அவனே எழுதினான்: 'இத்தொட்டியில் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. யாரும் கை வைக்க வேண்டாம்.'

முதலில் வந்தவர் அரக்கோணத்து ரயில்வே பெரியவர் ஒருவர். முட்டி வலியோடு நொண்டி நொண்டி வந்தவர் போர்டைச் சத்தமாக ஒரு தரம் படித்தார். மின்சாரம் என்றால் முட்டிக்கு நல்லது என்று எந்த டாக்டரோ அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். கையைத்தானே வைக்கக் கூடாது? காலை விட்டார்.

"சுர்ருங்குதே! முட்டி லேசாயிடுச்சே!"

அவ்வளவுதான். பதினொரு மணிக்கெல்லாம் பாறையிலிருந்து கீழ்ப்படி வரைக்கும் வரிசை நின்றது. போர்டுக்குக் குங்குமம் வைத்து, கீழே சூடம் ஏற்றியிருந்தார்கள். முட்டி வலிக்காரர், இடுப்பு வலிக்காரர், பாட்டிலோடு வந்தவர் என்று கூட்டம் நெரிந்தது. கரண்டுத் தீர்த்தம் என்று பேரும் வைத்தாகிவிட்டது. போர்டைப் பிடுங்கப் போன அரசுவை ஓர் அம்மாள் தோளில் தட்டினாள்.

"தம்பி, நாங்கல்லாம் ஒரு மணி நேரமா நின்னுகினு இருக்கோம். கியூல வா."

அரசு இறங்கி வந்து பிரபாவதியை அனுப்பினான். "நீ போய்க் காவல் நில்லு. உன்ன மீறி எவன் தொடறான் பாத்துடலாம்."

அவள் தென்னை விளக்குமாற்றோடு போனாள். அரை மணி கழித்து அரசு எட்டிப் பார்த்தபோது விளக்குமாறு ஓரமாகக் கிடந்தது. அவள் கையில் சொம்பு.

"ஆளுக்கு மூணு சொம்புதான்! தள்ளாதீங்க! அம்மா, புள்ளய முன்னால வுடுங்க!"

"என்னடி பண்ற?"

"கண்ட்ரோல் பண்றேன். முன்ன தொட்டியில எறங்கினாங்க. இப்ப சொம்புல ஊத்தறேன். மிச்சம்தான?"

"ஒரு சொட்டும் குடுக்காதன்னுதான சொன்னேன்!"

"கால் கொப்பளிச்சி வந்து நிக்கிறாங்க. போய்ட்டு நாளைக்கு வான்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க வந்து சொல்லுங்களேன், பாப்போம்."

"பரவால்ல, போகப் போக ஏத்திக்கலாம்" என்று அரசு கீழே போய்ப் பம்பைப் போட்டான்.

பம்ப் ஓட வெயில் வேண்டும். மதியம் ஒரு மணிக்கு ஆடி மேகம் வந்து மலை உச்சியில் உட்கார்ந்தது. மழையும் பெய்யவில்லை, நகரவும் இல்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி ஏறியது.

"வெயில் லீவு போட்டா காஸ் நிக்கும்" என்று அரசு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பிப் பம்போடு சேர்த்தான். தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து ஏறியது. மேலே திடீரென்று ஒரே கூச்சல்.

"தானா ஊறுதுடா! அரோகரா! அரோகரா!"

வற்றப்போகிற தொட்டியில் தண்ணீர் பொங்கினால் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டம் இரண்டு மடங்காகியது. அரசு காஸை எரித்து ஏற்ற ஏற்ற, அவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலரை மணிக்கு அவன் இன்ஜினை நிறுத்தி, பம்பிலிருந்து கழற்றிப் பழையபடி வீட்டு விளக்கோடு சேர்த்தபோது மேலே கால் தொட்டித் தண்ணீர் இருந்தது. கொட்டகையில் யானைக்குட்டியைக் காணோம். துவைத்துப் போட்ட போர்வை மாதிரி பை தொங்கியது. இன்ஜின் தானாகக் கிளம்ப இவ்வளவு காஸாவது வேண்டும் என்று அவனே உத்தேசமாகப் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கிவிட்டது. இப்போது சோற்றைக் கொட்டினாலும் அது காஸாக நாள் கணக்காகும்.

அரசு கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஷிப்ட் கணக்கு தப்பியது. பன்னிரண்டு கிராமம் போய் இரண்டு எருமை கண்ணுக்குத் தெரிந்தது.

அப்புறம் யாருக்கும் தெரியாமல் போனை எடுத்தான். பிரபாவதியின் தம்பி மணவாளன் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருப்பவன். அவன் வீட்டில் சாதாரண ஈ.பி. கரண்ட்.

"மச்சான், எங்க கீற?"

"இங்கதான் பாவா, காவடி பாத்துகினு இருக்கேன்." பின்னால் பம்பை மேளம் காதைக் கிழித்தது.

"நல்லா கேட்டுக்க. உன் பின் ரூம்லர்ந்து என் வீட்டு லைட்டுக்கு ஒரு ஒயர் இழுக்கப் போறேன். சுவிட்ச் உன் ரூம்ல இருக்கும். ஆறரைக்கெல்லாம் அங்க வந்து நில்லு. என் வீட்ல லைட் அணைஞ்சா பத்து எண்ணு. எண்ணிட்டு சுவிட்சப் போடு. உங்க அக்காகிட்டகூட மூச்சு வுடாத."

"ஆங், ஆங். பத்து எண்ணிட்டுப் போடணும். நீ கவலய வுடு பாவா."

மணவாளன் வீட்டு ஜன்னல் வழியாகக் கைவிட்டுக் கதவைத் திறந்து, ஒயரைச் சுவரோரமாக இழுத்து, மேலே தென்னை ஓலை போட்டு மூடினான் அரசு. திருட்டு வேலையைக்கூட டேப் சுற்றிச் சுத்தமாகத்தான் செய்தான். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

தமயந்தி அம்மாளின் காரைத் திருவிழாக் கூட்டத்தால் ஊருக்கு வெளியே கே.ஜி.கண்டிகையிலேயே நிறுத்திவிட்டார்களாம். ஷேர் ஆட்டோவில் வந்து, கூட்டத்தோடு மலையேறி, சாமி பார்த்துவிட்டு ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். பட்டுப் புடவை, நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. உட்கார்ந்ததும் பேனாவையும் ஸ்டாப் வாட்சையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஈ.பி. லைன் இருக்கா?"

அரசு மீட்டர் பெட்டியிலிருந்து ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தான். "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

"ஸ்டார்ட் பண்ணுங்க."

வால்வைத் திறந்தான். டர்பைன் உறுமியது. கூடத்தில் நாலு பல்பும் ஒரு ஃபேனும் ஓடின. தமயந்தி அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டார். அரசு ஷிப்ட் கதையைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். பதினெட்டாவது நிமிஷம் பல்புகள் மங்கின. ஃபேன் தள்ளாடியது. எல்லாம் அணைந்தது.

"தண்ணி தீர்ந்துபோச்சு மேடம். இப்ப காஸ் எடுத்துக்கும்" என்றான் அரசு இருட்டில். குரல் கணீரென்றுதான் இருந்தது.

தெருவில் பம்பை மேளமும் ஒலிபெருக்கியும் போட்டி போட்டன. அரசு மனதுக்குள் எண்ணினான். எட்டு. ஒன்பது. பத்து. 'டேய் மச்சான்.'

பளிச்சென்று நாலு பல்பும் எரிந்தன.

"பதினோரு செகண்ட்!" என்றார் தமயந்தி அம்மாள். "நான் ரெண்டு நிமிஷமாவது ஆகும்னு நெனச்சேன்."

அரசு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி மனதாலேயே ஒரு கும்பிடு போட்டான். மச்சான் என்றால் இவன் மச்சான். பிரபாவதி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இன்ஜினை ஒரு தடவை பாத்துடலாமா?"

"வேணாம் மேடம்!" என்று அரசு வழியை மறித்தான். "அந்தப் பக்கம் பூரா சேறு. காலைலர்ந்து மேலேர்ந்து வழிஞ்ச தண்ணி. பட்டுப் புடவை வேற."

"இன்ஜின் சத்தமே கேக்கலியே?"

"சைலென்சர் நானே செஞ்சது மேடம். அப்புறம் இந்த மேளம் வேற..."

"பிரமாதம்" என்று அவர் மறுபடி உட்கார்ந்தார். தாளில் கையெழுத்துப் போட்டார். "அரசு, முதல்ல எங்க வைக்கப் போறோம் தெரியுமா? மலை மேல ஒரு சுகாதார நிலையம். பிரசவ ரூம். போன மாசம் டார்ச் லைட் புடிச்சிகிட்டு ஒரு பொண்ணுக்குப் பிரசவம் பாத்திருக்காங்க. நடுவுல பேட்டரி போயிடுச்சு. இனிமே அந்தக் கவலை இல்ல. தண்ணி நின்னா பதினோரு செகண்ட்ல காஸ் வந்துடும்னு நான் எழுதிட்டேன்."

அரசு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அறையும், இருட்டும், பத்து, பதினொன்று, நூறு என்று எண்ணிக்கொண்டே நிற்கிற ஒரு நர்ஸும் எல்லாம் அவன் கண்ணெதிரே வந்தன. மலை மேல் எந்த மச்சான் சுவிட்ச் போடுவான்?

"மேடம், அதக் கிழிச்சிடுங்க" என்றான்.

"என்ன?"

"இது காஸ் இல்ல. பை காலி. பக்கத்து வீட்டு ஈ.பி. கரண்ட் இது. என் மச்சான சுவிட்ச் போடச் சொல்லி வெச்சிருந்தேன். தப்பு மேடம். பெரிய தப்பு."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பிரபாவதி.

தமயந்தி அம்மாள் கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். ஃப்யூஸ் கட்டையை மேஜை மேல் வைத்தார். "சொன்னதுக்கு நன்றி. ஆனா உங்கள நம்பி ஒரு உசுர நான் விட முடியாது, அரசு" என்று எழுந்தார்.

அரசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிரபாவதி கிட்டே வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. உண்மைய சொல்லிட்டீங்க இல்ல. எருமையெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. தெருவில் மேளம் ஓய்ந்திருக்க, கொட்டகைப் பக்கமிருந்து டுபுடுபுவென்று ஒரு சத்தமும் கூடவே உள்ளே வந்தது. தலை முழுக்கச் சந்தனம் பூசிய புது மொட்டையோடு மூச்சிரைக்க மணவாளன் வந்து நின்றான்.

"மன்னிச்சுக்க பாவா, மொட்டை போடற எடத்துல அவ்ளோ கியூ, இப்பதான் மலைய வுட்டு எறங்கி நேரா இங்க வரேன், நீ சொன்ன சுவிட்ச இனிமே போய்ப் போட்டா பரவால்லியா?"