கடலில் ஏறிய ஆள்

படகில் ஒருவர் அதிகமாக இருந்தார்.

ஆட்களைக் கடலில் இறக்கி மீன் காட்டிக் கூட்டிவரும் கைடு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் எண்ணினான். விரலை நீட்டி எண்ணினால் மரியாதைக் குறைவு என்று படகின் சொந்தக்காரரான மாமனார் சொல்லியிருந்ததால் மோவாயை ஆட்டி ஆட்டி எண்ணினான். அவன் தங்களைப் பார்த்துத் தலையாட்டுகிறான் என்று நினைத்து வந்திருந்தவர்களும் பதிலுக்குத் தலையாட்டினார்கள். பதிமூன்று.

"என்ன, கிளம்பலாமா?" என்றார் டிரைவர், எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி.

"ஒரு நிமிஷம்ணே. ஆளு அதிகமா இருக்கு."

"குறைஞ்சாத்தானேப்பா தலைவலி?"

டிரைவருக்கு என்ன, சொல்லிவிட்டார். ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று கைடுக்குத் தெரியும். கத்த வேண்டும், தேட வேண்டும், மாமனாருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்க வேண்டும். போன வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தான். மீனைப் பார்த்துக்கொண்டே மிதந்துபோன ஒரு பெண்மணியைக் கடலிலேயே மறந்துவிட்டுக் கரைக்கு வந்துவிட்டான். வேறொரு படகுக்காரர் அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை ஆள் கணக்கு தப்பிச்சுன்னா, விசிலைச் சின்னவன்கிட்ட குடுத்துட்டு நீங்க ஷெட்ல உக்காந்து மாஸ்க் கழுவுங்க மாப்ள."

சின்னவன் என்றால் மச்சினன். அவன் அப்போதே கையை நீட்டினான். மனைவி இரண்டாவது தடவை பரிமாறவே வரவில்லை. மனுஷன் அரை வயிற்றோடு எழுந்தான்.

படகுக்கு அனுமதி பன்னிரண்டு பேருக்குத்தான். காலையில் மாமனாரே படகுத்துறையில் நின்று, "கல்யாணப் பார்ட்டி மாப்ள. பன்னெண்டு பேரு. பத்திரம்" என்று சொல்லி அனுப்பினார். கைடு எண்ணிப் பார்க்கவில்லை. மாமனார் சொன்ன கணக்கை அவர் கண் முன்னாலேயே மருமகன் சரிபார்த்தால் வீட்டுக்குள் நுழைய முடியுமா? பன்னிரண்டு பேர் வந்தார்கள், இப்போது பதிமூன்று பேர் இருக்கிறார்கள். ஆகவே ஒருவர் நடுக்கடலில் ஏறியிருக்கிறார். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வந்திருந்தவர்கள் இரண்டு குடும்பம். கல்யாணம் முடிந்த கையோடு எல்லோரும் நெருங்கிப் பழகட்டும் என்று யாரோ யோசனை சொல்ல, இரண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டார்கள். கல்யாணப் பையனும் பெண்ணும் மட்டும் வந்திருந்தால் நெருங்கிப் பழகியிருப்பார்கள். இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மடியில் பிரித்த சாப்பாட்டுப் பொட்டலம். தண்ணீரில் இறங்கச் சொன்னதற்கு, "நான் பாக்காத கடலா?" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துகொண்டார்.

கைடு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"யாராவது வேற போட்லேருந்து மாறி ஏறிட்டீங்களா? தப்பே இல்லீங்க. தைரியமா சொல்லலாம்."

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். தப்பே இல்லை என்று ஒருவன் சொன்னால் அவசியம் தப்பு இருக்கிறது என்று அவர்களுக்கெல்லாம் அனுபவத்தில் தெரியும்.

"சரி, இப்படிச் செய்வோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வலது பக்கம் வாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க இடது பக்கம் போங்க. ரெண்டுலயும் சேராதவரு நடுவுல நிப்பாரு. அவ்வளவுதான், ஆளு தெரிஞ்சு போச்சு."

யோசனை பிரமாதம்தான். நாலைந்து பேர் எழுந்தும் விட்டார்கள். அதற்குள் பெரியவர் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னய்யா பேச்சு பேசுற நீ? இப்பத்தான் ரெண்டு குடும்பம் ஒண்ணா சேர்ந்திருக்கு. நீ நடுவுல வந்து கோடு கிழிக்கிறியா?"

"ஐயோ, அதுக்கில்லீங்க. சும்மா எண்ணிப் பாக்கத்தான்..."

"முதல்ல எண்ணிப் பாக்கத்தான் பிரிப்பீங்க. அப்புறம் ஆளுக்கொரு வீடும்பீங்க. இந்தப் பொண்ணு எந்தப் பக்கம் நிக்கணும்? சொல்லு பாப்போம்!"

கல்யாணப் பெண் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். கல்யாணப் பையனின் அப்பா எழுந்துபோய்ச் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நமக்குள்ள வலதாவது இடதாவது!" என்றார். படகு அந்தப் பாசத்தைத் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"எல்லாரும் உக்காருங்க, கவுந்துடும்!" என்று டிரைவர் கத்தினார்.

தன் இடத்துக்குத் திரும்புகிற வழியில் கல்யாணப் பையனின் அப்பா கைடின் காதருகே குனிந்தார். "பொண்ணு வீட்டுப் பெரியவர் தம்பி. கொஞ்சம் முன்கோபம். நானே அவர்கிட்ட ஜாக்கிரதையாத்தான் இருக்கேன். அனுசரிச்சுப் போங்க."

கைடுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவனும் ஒரு வீட்டு மருமகன்தான்.

பெரியவர் இப்போது விசாரணையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீ சின்னப் பையன், உனக்கு எண்ணத் தெரியல. நான் சொல்றதைக் கேளு. நடுக்கடல்ல ஒருத்தன் ஏறினா எங்கேயிருந்து ஏறுவான்?"

"தண்ணியிலேருந்து."

"தண்ணியிலேருந்து ஏறினா எப்படி இருப்பான்?"

"நனைஞ்சிருப்பான்."

"அப்ப நனைஞ்சவங்களை மட்டும் விசாரி. நனையாதவங்களை விட்டுடு."

என்ன மூளை என்று கைடு அசந்துபோனான். நனையாதவர் படகில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரையும் மறுபடி தண்ணியில இறக்கு," என்றார் பெரியவர். "ஒவ்வொருத்தரா ஏத்து. நம்ம ஆளு யாரு, வெளியாளு யாருன்னு நான் மேலேருந்து பாத்துச் சொல்றேன்."

அழுதுகொண்டிருந்த பெண் உள்பட எல்லோரும் இறங்கினார்கள். இறங்கிய பிறகுதான் பக்கத்தில் இன்னொரு படகு வந்து நின்றதைக் கைடு கவனித்தான். அதிலிருந்தும் தபதபவென்று ஆட்கள் குதித்தார்கள். அதே ஆரஞ்சு நிற ஜாக்கெட். முகம் முழுக்க அதே மாஸ்க், வாயில் அதே குழாய். அந்தக் கோலத்தில் பெற்ற தாயையும் அடையாளம் தெரியாது. பெரியவரோ ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏறுகிற ஒவ்வொருவரையும், "வா வா, நம்ம ஆளுதான்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஏறி முடிந்ததும் எண்ணினான். பதினைந்து.

"கூடிக்கிட்டே போகுதேப்பா," என்றார் டிரைவர். "இதுக்கு மேல ஏத்தினா போட்டு நீந்தாது, நாமதான் நீந்தணும்."

நல்லவேளையாக, "எங்க ஆளு ரெண்டு பேரைக் காணோம்!" என்று பக்கத்துப் படகின் கைடு அலறினான். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, அவர்கள் ஆட்கள் இரண்டு பேரையும் ஒப்படைத்தாயிற்று. அதில் ஒருவர் அதற்குள் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி சாப்பிட்டிருந்தார். மீதியையும் கையில் எடுத்துக்கொண்டே போனார்.

மறுபடி பதிமூன்று. அப்போது பார்த்து மாமனார் போன் செய்தார்.

"என்ன மாப்ள, எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க மாமா."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

"இந்தத் தடவை ஒருத்தர்கூடக் குறையல மாமா. சத்தியமா."

கைடு போனைப் பைக்குள் வைத்தான். ஷெட்டில் வாளி வாளியாக மாஸ்க் கிடப்பதும், மச்சினன் விசிலை ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் போவதும் கண் முன்னால் வந்தன. ஷெட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த விசில் சத்தத்தைப் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

"அங்க பாரு," என்று பெரியவர் மோவாயை நீட்டினார்.

படகின் முனையில் ஒரு பையன் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமுடியைத் தூக்கி உச்சியில் கொண்டை போட்டிருந்தான். தண்ணீரில் இறங்கச் சொன்னால் இறங்கினான், ஏறச் சொன்னால் ஏறினான், நடுவில் நேரம் கிடைத்தால் தூங்கினான். இவ்வளவு கலாட்டாவிலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பெரியவர் அவனைத் தட்டி எழுப்பினார். "தம்பி, நீ யாரு வீட்டுப் பையன்?"

கொண்டைக்காரன் கண்ணைக் கசக்கினான். "எங்க வீட்டுப் பையன்தான்."

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்களே!"

"பாத்தியா?" என்று பெரியவர் கைடைப் பார்த்தார். "தனியாவா வந்திருக்க?"

"ஆமாங்க. முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறேன். இந்தத் தீவு பிடிச்சுப் போச்சு. பகல்ல மீன் பாக்குறேன், ராத்திரி ஆடுறேன்."

"எப்பத் தூங்குற?"

"இப்பத்தான் தூங்குனேன். நீங்க எழுப்பிட்டீங்க."

கைடு முன்னால் வந்தான். "தம்பி, கோபிச்சுக்காத. காலையில எந்தப் படகுல ஏறுன?"

கொண்டைக்காரன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கினான், கொண்டையை அவிழ்த்து மறுபடி கட்டினான். "விடிய விடிய ஆட்டம்ணே. அங்கேருந்து நேரா துறைக்கு வந்துட்டேன். ஒரு மீசைக்காரர் ஏறுன்னாரு, ஏறுனேன். படகு நீலமா இருந்துச்சு."

"இங்க எல்லாப் படகும் நீலம்தான்."

"அப்படியா? அப்ப இது இல்லாமலும் இருக்கலாம்ணே. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

குற்றவாளியே இவ்வளவு ஒத்துழைத்த பிறகு தீர்ப்பு எழுத என்ன கஷ்டம்? இரண்டு குடும்பமும் சேர்ந்து தலையாட்டியது. அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமனதாக முடிவெடுத்த முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

டமடமவென்று பாட்டுச் சத்தத்தோடு ஆட்டக்காரர்களின் படகு அந்த வழியாக வந்தது. சாயங்காலம் ஆனால் பக்கத்துத் தீவுக்குப் போய் விடியும்வரை ஆடிவிட்டு வருகிற கூட்டம். டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். கொண்டைக்காரனைப் பார்த்ததும் அந்தப் படகே ஆர்ப்பரித்தது. அங்கே அவனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தாண்டிக் குதிப்பதற்கு முன்னால் அவன் கைடின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மன்னிச்சுக்கோங்கண்ணே. தெரியாம உங்க படகுல ஏறிட்டேன் போல. ரொம்ப நல்ல மீனெல்லாம் காட்டினீங்க."

குலுக்கிய கையைக் கைடு சட்டையில் துடைத்துக்கொண்டான். திட்டிக்கொண்டே போயிருந்தால் பரவாயில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகிறானே பாவி!

"சின்னப் பசங்களை நம்பவே கூடாது," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மறுபடி பெண்ணுக்கும் பையனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

படகு கரையைத் தொட்டபோது மாமனார் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். பக்கத்தில் மச்சினன், கழுத்தில் இப்போதே விசிலுக்கு ஒரு கயிறு மாட்டித் தயாராக இருந்தான். ஒவ்வொருவராக இறங்க இறங்க மாமனார் உதட்டை அசைத்து எண்ணினார். கைடும் கூடவே மோவாயை ஆட்டி எண்ணினான்.

"பன்னெண்டு!" என்றார் மாமனார். முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே மாப்ள! டேய் சின்னவனே, போய் அந்த மாஸ்க்கையெல்லாம் கழுவுடா."

கல்யாணமாகி இத்தனை நாளில் மாமனார் அவன் தோளைத் தட்டியது அதுதான் முதல் தடவை. கைடுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து மனைவியிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் ஆபீஸுக்குள்ளிருந்து ஒரு பெரிய முதுகுப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அந்தக் கொண்டை போட்ட பையன் எங்க மாப்ள? பையை விட்டுட்டுப் போறான் பாருங்க."

"எந்த... எந்தப் பையன் மாமா?"

"கல்யாணப் பார்ட்டி பதினோரு பேருதான். ஒரு சீட்டு காலியாப் போகுதேன்னு நான்தானே அவனை உங்க படகுல ஏத்திவிட்டேன். தூங்கி விழுந்துக்கிட்டு வந்தானே!"

கைடு விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. அதில் ஒருவன் இப்போது பக்கத்துத் தீவில் ஆடிக்கொண்டிருக்கிறான். அப்படியென்றால் மாமனார் எண்ணிய பன்னிரண்டாவது ஆள் யார்?

குடும்பங்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. முன் சீட்டில் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தபடி, ராத்திரிச் சாப்பாட்டை எந்த ஓட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கைடு ஓடிப்போய், கடைசியாக ஏறப்போன கல்யாணப் பெண்ணின் அம்மாவை மறித்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம்! முன்னாடி உக்காந்திருக்காரே, உங்க வீட்டுப் பெரியவர், அவரு பேரு உங்க பன்னெண்டு... இல்ல, பதினோரு பேருல இருக்கா?"

அந்த அம்மா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தாத குறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க தம்பி, அவரு எங்க வீட்டுப் பெரியவர் இல்ல, மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துல வந்து இறங்கினவரு, அன்னியிலேருந்து எங்க வீட்லதான் சாப்பிட்டுத் தூங்குறாரு, நீங்க யாருன்னு கேட்டுச் சம்பந்தி வீட்டோட சண்டை மூட்டிவிட்டுடாதீங்க!"