டென்ட் டீச்சரின் ஆற்றங்கரை

அடையாற்றின் கரையில் பட்டப்பகலில் கூடாரம் அடித்து, அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இட்லியும் கருவாட்டுத் தொக்கும் சாப்பிட்டவர் இந்த மாநகரத்திலேயே ஒருவர்தான். அவரைப் போல இன்னொருவர் இருந்தால் ஊர் தாங்காது. அறிவிப்புப் பலகைக்கு எழுதுகிற பெயிண்டருக்கு மட்டும் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் டென்ட் டீச்சர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்குமாடியில், எனக்கு நேர் கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தார். சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் பி.டி. டீச்சர். வருடாவருடம் மாணவிகளை ஏலகிரி, ஏற்காடு என்று முகாமுக்கு அழைத்துப் போனவர். ஓய்வு பெறும் நாளில் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டோர் ரூமில் கிடக்கிற பழைய ஆரஞ்சு டென்ட் போதும் என்றாராம். சுவர்க்கடிகாரம் வாங்கி வைத்திருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில். கழுத்தில் ஜெபமாலை, அதற்குப் பக்கத்திலேயே ஒரு விசில். இரண்டில் எதற்கு எப்போது கை போகும் என்று சொல்ல முடியாது.

எங்கள் தெருக் கோடியில், ஆற்றை ஒட்டி, அரசு நிலம் கொஞ்சம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு குப்பையை அள்ளி, நடைபாதை போட்டு, நான்கு பெஞ்சும் வைத்து, 'பொதுமக்கள் பயன்பாட்டிற்கு' என்று வாசலில் பலகையும் நட்டார்கள். பூவரச மரங்கள் இருந்தன. தண்ணீரோரம் கொக்குகள் நின்றன. காற்று கடல் பக்கமிருந்து வீசினால் சொர்க்கம். எதிர்ப்பக்கமிருந்து வீசினால் கைக்குட்டை வேண்டும். பலகையில் 'பயன்பாட்டிற்கு' என்ற வரிக்குக் கீழே, எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று எட்டு வரிகள்.

ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு டீச்சர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். டென்ட்டின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் பனியனோடு நின்றேன். சட்டை போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கொடுத்தார்.

பூவரச மரத்தடியில் நாங்கள் டென்ட்டை விரித்ததும் காவலாளி ஏகாம்பரம் ஓடி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா இது?"

"டென்ட்டுப்பா."

"இங்கல்லாம் போடக் கூடாதும்மா. போர்டு கீது பாருங்க."

"அப்போ போய் அந்த போர்ட படி. எனக்குக் கேக்கற மாதிரி படி."

ஏகாம்பரம் வாசலில் நின்று, வகுப்பில் எழுப்பிவிடப்பட்டவர் போலப் படித்தார். நாய் கூடாது, சைக்கிள் கூடாது, பந்து கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, புல்லில் துப்பக் கூடாது. டென்ட் அதில் இல்லை. அவர் இன்னொரு முறை மனதுக்குள் படித்துப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து, நான் தடுமாறுவதைப் பார்த்து, என் கையிலிருந்த கம்பியைத் தானே வாங்கி நிமிர்த்தினார்.

அடுத்த ஞாயிறு பலகையில் ஒன்பதாவது வரி வந்திருந்தது. 'கூடாரம் அமைக்கக் கூடாது.' பெயிண்ட் இன்னும் காயவில்லை. டீச்சர் அதை நிதானமாகப் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். ஒரு போர்வையோடு வந்து அதை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார். போர்வை கூடாரம் ஆகாது என்பது அவர் கட்சி. மறுவாரம் 'மரங்களில் துணி கட்டக் கூடாது' என்று பத்தாவது வரி. அவர் பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் கடைக்காரர்கள் நட்டு வைக்கிற மாதிரி ஒரு பெரிய குடையோடு வந்தார். அதற்கும் ஒரு வரி வந்தது. பலகையில் இடம் தீர்ந்து பக்கத்தில் இரண்டாவது பலகை நட்டார்கள்.

டீச்சருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. முப்பது வருட சர்வீஸில் தனக்கு ஒரு மெடல்கூடக் கொடுத்ததில்லை, இப்போது வாரம் ஒரு சட்டமே போடுகிறார்கள் என்று மகளுக்குப் போனில் சொன்னார். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தும் அனுப்பினார்.

பெரிய குடைக்கும் தடை வந்த பிறகு சாதாரண மழைக்குடைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்தது. மாடி வீடுகளிலிருந்து குழந்தைகளோடு சிலர் வந்தார்கள். அபிராமபுரத்திலிருந்து ஒரு தம்பதி பாய் கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முகாம் விதி ஒன்றுதான். விசில் அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும், செல்போன் தூக்குவாளிக்குள் போக வேண்டும். ஐம்பது வயதில் நான் கயிற்றில் முடிச்சுப் போடப் பழகினேன். தவறாகப் போட்டால் காதைத் திருக மாட்டார், திருகுவது போல ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு வலி அதிகம்.

குப்பத்திலிருந்து செல்வியும் வர ஆரம்பித்தாள். எங்கள் தெருக்களில் கூடையில் மீன் விற்பவள். ஞாயிறுதான் அவளுக்குப் பெரிய வியாபாரம். மதியம் கூடை காலியானதும் நேரே மரத்தடிக்கு வந்து காலை நீட்டிப் படுப்பாள். இந்தப் பத்து வருடத்தில் தெருவில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தால் எழுந்து போ என்று சொல்லாத இடம் இது ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னாள். டீச்சர் அன்றைக்கு யாரையும் விசில் அடித்து எழுப்பவில்லை.

இது காலை நடைப்பயிற்சிக் குழுவின் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பெயர் சொல்லித் திட்ட மாட்டார். 'வர்றவங்களோட தரம்' என்று மட்டும் சொல்லுவார். பராமரிப்பை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அடையாள அட்டை உள்ளவர்களை மட்டும் விடலாம் என்று, அந்த இடத்தைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்கு மனு எழுதினார். பதில் வருவதற்குள் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிவிட்டார்.

அந்த ஞாயிறு நாங்கள் போனபோது வாசல் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. குழுவினர் பன்னிரண்டு பேர் உள்ளே வட்டமாக நின்று சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சாவி செயலாளர் பையில். ஏகாம்பரம் வெளியே நின்று, தன்னைக் கேட்காமல் பூட்டிவிட்டார்கள் என்று பாவமாகச் சொன்னார்.

டீச்சர் கத்தவில்லை. தோளிலிருந்த பையை இறக்கினார். மாதக்கணக்கில் வெளியே எடுக்காத ஆரஞ்சு டென்ட் அதில் இருந்தது. அந்த இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கதவை ஒட்டி, ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் டென்ட்டை நிறுத்தினார். பிறகு அதற்குள் போய் உட்கார்ந்து ஜிப்பைப் போட்டுக்கொண்டார்.

சிரித்து முடித்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். பூட்டைத் திறந்தார்கள். கதவு திறக்கவில்லை. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"மேடம், இதை எடுங்க. நாங்க வெளிய போகணும்" என்றார் செயலாளர்.

டென்ட் ஜிப் ஒரு சாண் இறங்கியது. "போங்க சார். வெளிய வர்றதுக்கு அட்டை வச்சிருக்கீங்களா?"

அவருக்குப் பத்து மணிக்கு மயிலாப்பூரில் வளைகாப்பு. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் சேர்த்து இட்லி இருக்கிறது என்று உள்ளிருந்து பதில் வந்தது. நான் இந்த நேரமெல்லாம் ஏகாம்பரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏகாம்பரம் ஒல்லியானவர். அதனால் பெரிய பயன் இல்லை.

ஒன்பதரைக்கு செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. சர்க்கரைக்காரர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதைப் பார்த்ததும் டீச்சர் டென்ட்டை விட்டு வெளியே வந்தார். கம்பிகளுக்கு நடுவே தட்டை நீட்டி இரண்டு இட்லி கொடுத்தார். கருவாட்டுத் தொக்கைத் தவிர்த்து, பொடி மட்டும் வைத்தார். அவர் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

செயலாளர் போனில் புகார் சொன்ன அந்த அலுவலகத்து அதிகாரி அம்மா அதற்குள் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்ட கோபம் முகத்தில் இருந்தது. பூட்டுப் போட உத்தரவு எங்கே என்று கேட்டார். மனு போட்டிருக்கிறோம் என்றார் செயலாளர். மனு உத்தரவு இல்லையே என்றார் அதிகாரி. பிறகு டீச்சரிடம் திரும்பி, டென்ட்டும் விதிப்படி தப்புதான் என்றார்.

டீச்சர் தலையாட்டினார். "தப்புதாம்மா. எடுத்துர்றேன். நான் எங்கயாவது ஒரு ஓரமா உக்காந்துக்குவேன். ஆனா இந்தச் செல்வி இங்க உக்காரக் கூடாதுன்னு எந்த போர்டுலயும் எழுதல. எழுதணும்னு தோணுச்சுன்னா தைரியமா எழுதுங்க, அவ பேர் போட்டு எழுதுங்க. பூட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிக்காதீங்க."

செல்வி கூடையோடு தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்தார், இரண்டு பலகைகளையும் பார்த்தார். பிறகு பூட்டையும் சங்கிலியையும் தன் வண்டியில் வைக்கச் சொன்னார்.

மறுவாரம் ஒரு கடிதம் வந்தது. ஞாயிறுதோறும் பகலில், தரையில் ஆணி அடிக்காமல், முன்கூட்டியே விண்ணப்பித்துக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். டீச்சர் வாரம் தவறாமல் விண்ணப்பித்தார். 'பொருள்: தரையில் உட்காருவதற்கு அனுமதி கோருதல்.' ஒருமுறை 'சூரியன் மறையும்வரை, சூரியனின் ஒத்துழைப்புக்கு உட்பட்டு' என்று எழுதியிருந்தார். அலுவலகத்தில் அவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, வேலை இல்லாதபோது படிக்கிறார்கள் என்று கேள்வி.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். செயலாளரும் டீச்சர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் நண்பர்கள். இட்லி சாப்பிட்ட நன்றி செயலாளருக்கு இருந்திருக்கலாம், குழுவில் இருந்த மற்றவர்கள் அவரை விட்டால்தானே. இரண்டே மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து டீச்சருக்குப் போன் வந்தது. கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் டீச்சர், அவர் மறந்துவிடுவார் என்று நான்தான் யோசனை சொன்னேன். காதைத் திருகுகிற பார்வை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"வீடு அவரோடது, கேட்டா குடுத்துரணும்பா. ஆத்தங்கரை அவரோடது இல்லயே, அத நான் எப்டிக் குடுப்பேன்?"

ராயப்பேட்டையில் ஒரு சந்தில் ஒற்றை அறைக்குக் குடிபோனார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். சாமான்களை ஏற்றும்போது நான் அழக்கூடாது என்று தீர்மானமாக இருந்தேன். ஏகாம்பரம் அப்படியெல்லாம் தீர்மானம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் டீச்சர் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. முட்டி வலியோடு, தோளில் டென்ட் பையோடு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறார். ஆறரைக்குத்தான் வருவார். நான் ஆறு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். பையைத் தூக்கிக் கொடுக்க வருகிறேன் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

"இங்க என்னப்பா பண்ற?" என்று வாரா வாரம் கேட்கிறார். பால் வாங்க வந்தேன் என்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பால் வாசலுக்கே வந்துவிடும் என்பது, மூன்று வருடம் கீழ் வீட்டில் இருந்த அவருக்கு நன்றாகவே தெரியும். பையை என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடக்கிறார்.