சுவிட்ச் மாமாவின் ஸ்டூல்

திருப்பதியில் நான் போன சபையில், யார் தலைக்கு மேல் காற்று அடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது கர்த்தர் இல்லை; சுவிட்ச் மாமா. கர்த்தர் பாரபட்சம் பார்க்க மாட்டார். மாமாவுக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நான் சித்தூர்க்காரன். மூணாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். தெலுங்கு வாயில் தாராளமாக வரும். அதன் எழுத்து கண்ணில் பட்டால் எல்லாம் ஜாங்கிரி. சித்தூரில் தமிழ் ஆராதனை இருந்ததால் மானம் தப்பியது. கல்யாணமாகி எட்டாம் மாசம் ஆட்டோ ஓட்டத் திருப்பதிக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததோ தெலுங்கு சபை. போதாததற்கு, பெண் பார்க்கப் போனபோது நான் விட்ட டூப்பை நம்பி, என் மனைவி சுகுணா புதுத் தெரு முழுக்க, "எங்க வூட்டுக்காரரு டென்த் பாஸு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

முதல் ஞாயிறு. சுகுணா பெண்கள் பக்கம் போனாள். நான் கடைசி பெஞ்சில் ஒதுங்கினேன். பெஞ்சை ஒட்டி, கதவோரம் சுவிட்ச் போர்டு. அதன் கீழே ஒரு இரும்பு ஸ்டூல். அதில் கலெக்டர் மாதிரி ஒரு கிழம், சஃபாரி சட்டையில். ஐந்து ஃபேன், ஐந்து சுவிட்ச். ஒவ்வொன்றின் மேலும் நெயில் பாலிஷில் ஒரு படம்: குடை, மீன், சீப்பு, சாவி, வாழைப்பழம். நம்பர் போட்டால் குறைந்தா போய்விடும்?

உட்கார்ந்ததும் என் தலைக்கு மேலிருந்த ஃபேன் நின்றது.

"இன்னாங்க, ஃபேனு நின்னு போச்சு?"

"புதுசா வந்தவனுக்கு மூணு வாரம் காத்து கெடையாது."

"ஏன்?"

"நெலையா வருவியா, இல்ல நல்லா காத்து துன்னுட்டு வேற சபைக்கு ஓடிருவியான்னு எனுக்குத் தெரிய வாணாமா?"

இந்த ஆள் பிரசங்கத்தில் தூங்குபவனுக்குக் காற்றை நிறுத்துவார். லேட்டாக வந்தவனுக்கும் நிறுத்துவார். ஜனவரியில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கொஞ்சம் ஸ்பீடு வைக்கச் சொன்னார். "கிறிஸ்துமஸ் ஸ்டாரையே இன்னும் எறக்கல, அதுக்குள்ள உனுக்கு காத்து கேக்குதா?" என்று பதில் வந்தது. ஒருநாள் எங்கள் போதகர் அய்யகாருவின் பிரசங்கம் ஒரு மணி நேரம் தாண்டியது. மேடை ஃபேன் நின்றது. ரெண்டே நிமிஷத்தில் ஆமென்.

"மோட்சத்துக்குப் போனாலும் அந்தாளு மொதல்ல சுவிட்ச் போர்டு எங்கன்னுதான் கேப்பான்" என்று வீட்டில் வாராவாரம் திட்டினேன்.

அங்கே இன்னொரு வழக்கம். சங்கீதம் வாசிக்கும் நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக மைக் கைமாறும். ஆளுக்கொரு வசனம், தெலுங்கில், எழுந்து நின்று வாசிக்க வேண்டும். முதல் வாரம் இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். ரெண்டாவது வாரம், வராத போனுக்கு "அலோ" சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மூணாவது வாரம் கிளம்பும்போதே சுகுணா விரலை ஆட்டினாள். "பொம்பளைங்கல்லாம் உன்னியத்தான் பாக்கறாங்க. இன்னிக்கி ஏந்து ஓடினே, அப்படியே சித்தூருக்கு ஓடிரு."

மைக் வந்தது. எனக்கு முன்னால் நாலு பேர். மூணு. ரெண்டு. காற்றும் இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஸ்டூலிலிருந்து ஒரு குரல்: "டேய் சித்தூரு, பொஸ்தகத்தைத் தலகீழா புடிச்சிக்கினு கீற. அட்டையில சிலுவ தொங்குது பாரு."

செத்தேன். இந்த ஸ்டூல் ஒலிபெருக்கிக்குத் தெரிந்தால் திருப்பதிக்கே தெரிந்த மாதிரி. மைக் கைக்கு வந்தது. எழுந்தேன். எதிர்ப் பக்கத்தில் சுகுணா பெருமையாகக் கழுத்தை நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன்.

டப்! ஃபேன், லைட்டு, மைக், எல்லாம் அவுட்.

"அய்யோ, கரெண்ட்டு போச்சே!" என்று ஊருக்கே கேட்கக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? மெயின் சுவிட்சில் கையை வைத்திருந்த அதே ஆள்தான்.

மைக் இல்லாததால், மீதியை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றார் அய்யகாரு. கூட்டத்தோடு நான் அசைத்த உதடு மாதிரி உலகத்தில் யாரும் அசைத்திருக்க முடியாது.

ஆராதனை முடிந்ததும் ஸ்டூலருகே போனேன். "எனுக்குத் தெலுங்கு படிக்க வராது, மாமா. தமிழு மட்டும் கொஞ்சம் வரும்."

"உனுக்கு ஒண்ணாவது வருதே" என்று நெயில் பாலிஷ் வாழைப்பழத்தைத் தடவினார். "இந்த ஸ்டூலுக்கு மைக்கு வராது. இருவது வருசமா இங்கயேதான் குந்திக்கினு கீறேன்."

அன்றைக்கே சுகுணாவிடம் உண்மையைக் கக்கினேன். "பஸ் போர்டைப் பாத்து நீ முழிக்கசொல்லோவே தெரியும். நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு அதே பஸ் போர்டுகளை வைத்து எனக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுத்தாள்.

போன வருஷம் சபைக்கு ஏசி வந்தது. போர்டும் போனது, ஸ்டூலும் போனது. அந்தக் கிழம் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏசியைத் திட்டியே என் உயிரை வாங்குகிறது. மைக் வந்தால் என் வசனத்தை வாசித்து, மூச்சு விடாமல் அடுத்ததையும் வாசித்து, மாமாவைத் தாண்டி மைக்கை நீட்டிவிடுவேன்.

"ஒருத்தருக்கு ஒரு வசனம்தானே?" என்றார் அய்யகாரு ஒருநாள்.

"டென்த் பாஸுங்க" என்றேன். "ஆரம்பிச்சா நிக்காது."