கொஞ்சம் நகரு, நான் காட்டுறேன்

சொல்லிக்கொடுப்பவர்களில் ஓர் அபூர்வ இனம் உண்டு, வாசகரே. கற்றுத்தருவதற்காக உயிரையே விடுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் கையில் மட்டும் எதையும் கொடுக்க மாட்டார்கள். சைக்கிள் ஓட்டப் பழக்குகிறேன் என்று பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துத் தானே நாலு தெரு சுற்றி வருவார்களே, அவர்கள்தான்.

இந்த இனத்தின் மகாராணி ஒரு டயாலிசிஸ் பிரிவில் இருந்தார். எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். நர்சிங் படிப்பை முடித்த சூட்டோடு ஒரு பெண் அவரிடம் வந்து சேர்ந்தாள். பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் ‘புதுசு’. பார்த்த அன்றே பெரிய சிஸ்டரின் கண்கள் கலங்கிவிட்டன.

“என் வயித்துல பிறக்கலையே தவிர, நீ என் பொண்ணுடி. எனக்குத் தெரிஞ்ச அத்தனையும் உன் கையில கொடுத்துட்டுத்தான் ரிட்டையர் ஆவேன்.”

கொடுத்தாரா?

முதல் நாள் புதுசு கையுறை போட்டாள். “அப்படி இல்லம்மா” என்று அதைக் கழற்றச் சொல்லி, புது ஜோடி எடுத்துத் தன் கையில் போட்டுக் காட்டினார். மெஷினில் குழாய் மாட்டப் போனாள், “கொஞ்சம் நகரு, நான் காட்டுறேன்.” பிளாஸ்டர் கிழிக்கப் போனாள், நகரு. ஐந்து வாரத்தில் அந்தப் பெண் நகர்ந்த தூரத்தைக் கூட்டினால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். நடுவில் பரீட்சை வேறு. “எங்கே, செஞ்சு காட்டு” என்பார், அவள் கை நீளும் முன்பே “இப்படித்தானே?” என்று தானே செய்து முடித்து, “சபாஷ், கத்துக்கிட்டே!” என்று அவள் முதுகில் தட்டுவார்.

அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி தவறினால் நோயாளி துடிப்பாரே, அந்தப் பெண் தேம்புவாளே என்று பெரிய சிஸ்டரின் நெஞ்சு படபடக்கும். படபடப்பு நெஞ்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது நேராகக் கைக்கு இறங்கிவிடும்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை. புதுசு ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“சிஸ்டர், நான் தனியா ஊசி போட்டேன்னு நீங்க இதுல எழுதித் தரணும். இன்னிக்குள்ள போகலைன்னா, திங்கட்கிழமை என்னை டோக்கன் கொடுக்கிற கவுன்டருக்கு மாத்திடுவாங்களாம்.”

“என் பொண்ணையா! டோக்கனுக்கா!” பெரிய சிஸ்டர் மார்பில் கை வைத்தார். “வா, இப்பவே போடு. நான் தொட மாட்டேன். சத்தியம்!”

மூன்றாவது படுக்கையில் கண்டக்டர் படுத்திருந்தார். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். நான்கு வருஷமாக வாரம் மூன்று நாள் இங்கே ஊசி குத்திக்கொள்கிறவர். ஊசி போடுவதற்கென்றே ஆபரேஷன் செய்து பெரிதாக்கிய ரத்தக்குழாய் அவருடைய இடது கையில் புடைத்திருந்தது. புதுசு விரல் வைத்துப் பார்த்தாள். செல்லப் பூனை குர்ர்ரென்பதுபோல அதிர்ந்தது. துடைத்தாள். ஊசியை எடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

அவ்வளவுதான். சத்தியம் செய்த கை கிளம்பிவிட்டது.

“கொஞ்சம் நக...”

“சிஸ்டர்!” கண்டக்டர் அலறினார். “எனக்கு ஒரே பயமா இருக்கு. இந்த வலது கையைப் பிடிச்சுக்குங்க!”

“உங்களுக்கா பயம்? குத்தும்போதே கொட்டாவி விடுற ஆளாச்சே நீங்க!”

“இன்னிக்கு என்னமோ உதறுது சிஸ்டர். ரெண்டு கையாலயும் பிடிங்க. ஒண்ணு பத்தாது.”

நோயாளி கேட்டு மறுப்பாரா பெரிய சிஸ்டர்? இரண்டு கையாலும் பிடித்தார். கண்டக்டர் பிடித்த பிடியோ, கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற பிடி! சிஸ்டர் இழுத்துப் பார்த்தார், கை வரவில்லை. கை போனால் என்ன? புருவத்தால் ஊசியைச் சாய்த்தார். தோளால் தள்ளினார். உதட்டைக் குவித்து, காற்றிலேயே நரம்பைத் தேடினார். செருப்புக்குள் கால் விரல்கள் பத்தும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தன.

“போலாம் ரைட்!” என்றார் கண்டக்டர்.

ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் சரசரவென்று ஏறியது.

“ஏறிடுச்சு! சிஸ்டர், ஏறிடுச்சு!” புதுசு நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். பெரிய சிஸ்டருக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். துடைக்கக் கை வேண்டுமே!

“ரத்தம் திரும்பி வர இன்னும் ஒரு ஊசி இருக்கு சிஸ்டர். எனக்குப் பயம் தெளியலை” என்றார் கண்டக்டர்.

அதுவும் ஒரே குத்தில் இறங்கியது. அப்புறம்தான் விடுதலை. கண்ணீரோடு பெரிய சிஸ்டர் படிவத்தை வாங்கி, ‘தனியாகவே செய்தாள்’ என்று எழுதி, ‘கற்பித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா நிற்கவில்லை. அதே வேகத்தில் ‘கற்றுக்கொண்டவர்’ என்ற இடத்திலும் தன் கையெழுத்தையே போட்டுவிட்டார்!

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் மெஷின் அலாரம் அடித்தது. படிவம் பாழாச்சே என்று புதுசு பதறவே இல்லை. பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். அதில் தன் இடத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள்.

“உங்களை ஆறு வாரமாப் பாக்குறேனே சிஸ்டர்” என்றாள்.

சிரித்தீர்களா? நல்லது. அந்தப் பெண் ஊசியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாளே, அந்த இடத்தில் உங்கள் வலது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.